டேங்க் நிரப்பினால் மட்டும் காருக்குள் பெட்ரோல் நெடி: எங்கே தேடுவது?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் 2016-ஆம் ஆண்டு மாடல் சிறிய ஹேட்ச்பேக் ஒன்றை ஓட்டி வருகிறேன். சிஎன்ஜி, எல்பிஜி கிட் எதுவும் பொருத்தப்படாத, பெட்ரோலில் மட்டும் ஓடும் கார். சில வாரங்களாக இதனுள் பெட்ரோல் நெடி அடிக்கிறது. ஆனால் எப்போதும் அடிப்பதில்லை. டேங்கை நிரப்பிய அன்றும் மறுநாளும் பின்சீட்டில் உட்காருபவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வரும் அளவுக்கு இருக்கிறது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், அப்படியொரு குறை இருந்ததா என்று நமக்கே சந்தேகம் வரும்படி மறைந்துவிடுகிறது. ரவுண்டானாவில் வளைத்துத் திருப்பும்போதும், வேகத்தடைக்கு முன்னால் பிரேக்கை அழுத்தும்போதும் குப்பென்று ஒருமுறை வந்து போகிறது. முன்சீட்டில் இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. பானெட்டைத் திறந்தால் அங்கே நெடி எதுவும் இல்லை. காலையில் காருக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் ஈரமோ கறையோ தென்படவில்லை. மைலேஜும் குறைந்ததாகத் தெரியவில்லை.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, கோடு (பழுதைக் காட்டும் குறியீடு) எதுவும் வரவில்லை, ஆகவே கசிவு இல்லை என்றார்கள். பிறகு அவர்களே, டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரை மாற்றிப் பார்க்கலாம், அதிலும் நிற்காவிட்டால் டேங்கை இறக்கிப் பார்க்கலாம் என்று ஒரு பெரிய தொகைக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன்: கடந்த ஆண்டு வெளியூர் போயிருந்தபோது ஃபியூயல் பம்ப் பழுதாகி, அங்கேயே ஓரிடத்தில் புதிதாக மாற்றினோம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

கோடு வரவில்லை என்றால் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? டேங்கை இறக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அதுவரை காரை ஓட்டலாமா? வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. கார் நிற்பதோ அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில்.


எண்ணூர்க்காற்று:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை ஒரு நாள் காத்திருந்தாலும் பாதகமில்லை. எரிபொருள் கிடங்கு ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். கார் மெக்கானிசத்தில் எனக்குத் தேர்ச்சி இல்லை. ஆனால் பெட்ரோல் ஆவி எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும்.

பெட்ரோல் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரத் தொடங்கும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். அதாவது மார்கழி மாத விடியற்காலையில்கூட, வெளியே கசிந்த பெட்ரோல் பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. காற்றில் அந்த ஆவி கன அளவில் சுமார் 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். சிறிய காரின் உட்புறத்தில் 3,000 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு டம்ளர் பெட்ரோல், அதாவது ஏறக்குறைய 200 மில்லி, முழுவதும் ஆவியாகி உள்ளேயே தங்கினால் அந்தக் கீழ் எல்லையைத் தொட்டுவிடும். இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல், கால் வைக்கும் பள்ளத்திலும் சீட்டுக்கு அடியிலும் தேங்கும் என்பதால், அந்த இடங்களில் எல்லையை எட்டுவதற்கு அந்த டம்ளர் அளவுகூடத் தேவைப்படாது.

இதைப் படித்துப் பதற வேண்டாம். நம் மூக்கு பெட்ரோலை மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுகொள்ளும். நெடி தெரிகிறது என்பதற்காகத் தீப்பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் அதே மூக்கு சிறிது நேரத்தில் பழகிப்போய்விடும்; உட்கார்ந்து சற்று நேரம் ஆன பிறகு நெடி குறைந்துவிட்டது என்று தோன்றினால் அதை நம்பக் கூடாது. இறங்கி வெளியே நடந்துவிட்டு, மறுபடி கதவைத் திறக்கும் கணத்தில் தெரிவதுதான் உண்மையான அளவு. தீயை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்ட ஒன்று. குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுக்கொண்டு போவதை உடனே நிறுத்துங்கள்.

சொட்டு விழுந்தாலோ, எங்கேனும் ஈரம் தெரிந்தாலோ காரைக் கிளப்பவே கூடாது. ஒர்க்‌ஷாப் ஆளை வரவழையுங்கள் அல்லது டோ செய்யுங்கள். நீங்கள் சொல்லும் நிலையில், டேங்கைக் கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், கண்ணாடிகளை இறக்கிவைத்து, பழுது பார்க்கும் இடம் வரைக்கும் ஓட்டிச் செல்லலாம். பேஸ்மென்ட்டில் நிறுத்துவதை விட்டுவிட்டு, சரியாகும் வரை திறந்த வெளியில் நிறுத்துங்கள். கசிவைத் தேடும்போது பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச் போதும். சில ஒர்க்‌ஷாப்களில் ஒயரில் தொங்கவிட்டு உள்ளே நீட்டும் குண்டு பல்பு, கீழே விழுந்து உடைந்தால் அதுவே பற்றவைக்கும். பக்கத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் அது மிதந்து பரவுமே தவிர அணையாது.


பழைய ஸ்பேனர்:

எண்ணூர்க்காற்று சொன்னதில் ஒரு வரிகூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. இனி இடத்தைப் பார்ப்போம்.

பெட்ரோல் நெடி என்று வண்டி வந்தால் நான் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை; எப்போது அடிக்கிறது என்று கேட்பேன். அந்த விடையில்தான் பாதி வேலை இருக்கிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது நெடி அடித்து, என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால், என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் மேல்பக்க ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் பழையதாகிக் கெட்டிப்பட்டால், குளிர்ந்த நிலையில் சற்றுச் சுருங்கி வழிவிடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது, ஏசி வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் இருந்தால் மட்டும் வந்து, உள்காற்று சுழலும் நிலைக்கு மாற்றினால் குறைந்தால், மூலம் பானெட்டுக்குள் இருக்கிறது. ஏனென்றால் ஏசி காற்றை எடுக்கும் வாய், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் இடத்தில்தான் உள்ளது. எந்நேரமும் அடித்து, சைலன்சரில் கரும்புகை வந்து, மைலேஜும் படுத்துவிட்டால் அது கசிவே இல்லை. என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அப்படிப்பட்ட வண்டியில் என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பார்த்தால் ஆயிலிலேயே பெட்ரோல் வாடை இருக்கும்.

உங்கள் காரில் இந்த மூன்றும் இல்லை. ஃபுல் டேங்கில் வருகிறது, பாதியில் மறைகிறது, வளைக்கும்போதும் பிரேக் போடும்போதும் வீசுகிறது, பின்சீட்டில் மட்டும் தெரிகிறது. டேங்கின் மேல்பாகத்தில் எங்கோ ஒரு வாய் சரியாக மூடவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கார் சொல்ல முடியாது. பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறும்போதும், உள்ளே அலம்பி மேலே அடிக்கும்போதும்தான் அது வெளிவருகிறது. கீழே சொட்டு விழாததற்கும் இதுவே காரணம். வெளியே வரும் சிறிதளவும் டேங்கின் மேல் தகட்டிலேயே பரவி, தரைக்கு வருவதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. அதோடு, போன ஆண்டு பம்ப் மாற்றியிருக்கிறீர்கள். என் சந்தேகத்தின் முக்கால் பங்கு அங்கேதான்.

டேங்கை இறக்க வேண்டிய அவசியம் அனேகமாக இருக்காது. பெரும்பாலான சிறிய கார்களில் டேங்க் பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டின் உட்காரும் பாகத்தைத் தூக்கி, கார்பெட்டை விலக்கினால், கை அகலத்தில் ஒரு தகட்டு மூடி தெரியும். ஸ்க்ரூவாலோ, பசைபோன்ற கருப்புச் சீலன்ட்டாலோ அது ஒட்டப்பட்டிருக்கும். அதை நெம்பி எடுத்தால் பம்பின் தலை தெரியும். எடுத்த உடனே துணியைக் கொண்டு துடைத்துவிடாதீர்கள். இது முக்கியம், ஏனென்றால் பல வருடத் தூசி அங்கே படிந்திருக்கும், அந்தத் தூசிதான் சாட்சி. நல்ல நிலையில் உள்ள பம்பைச் சுற்றித் தூசி ஒரே மாதிரி வெளிறி, விரலால் தொட்டால் மாவுபோல ஒட்டும். கசியும் இடத்தில் மட்டும் அது கறுத்து, அப்பிக் கிடக்கும், அல்லது கழுவிவிட்டதுபோல ஒரு பட்டை சுத்தமாக இருக்கும். அந்தக் கறை, பம்பை டேங்கோடு இறுக்கும் பூட்டு வளையத்தின் ஓரத்திலிருந்து தொடங்குகிறதா, பைப் சொருகும் இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் வளையத்துக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர். பின்னது என்றால் சொருகுக் கிளிப்பின் உள்ளே இருக்கும் சிறிய ஓ-ரிங், அல்லது பம்பின் பிளாஸ்டிக் மூக்கிலேயே மயிரிழை விரிசல். இந்தச் சோதனைக்காக மட்டும் ஒருமுறை ஃபுல் டேங்க் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பார்ப்பதற்கு மட்டும் மூடியைத் திறங்கள். பழுது பார்ப்பதற்குத் திறக்கும்போது டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கட்டும்.

பம்ப் மாற்றும்போது நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். பழைய வாஷரையே திருப்பிப் போடுவார்கள். பெட்ரோல் ஆவியில் ஆண்டுக்கணக்கில் ஊறிய அந்த ரப்பர், வெளியே எடுத்ததும் சற்று உப்பிப் பெரிதாகியிருக்கும். டேங்கின் பள்ளத்தில் உட்காராமல் ஓரிடத்தில் எழும்பி நிற்கும். அதை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தைத் திருகினால், உள்ளே ஒரு பக்கம் மடிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகப் பூட்டியது போலவே இருக்கும். சிலர் அதன்மேல் சிலிக்கான் பேஸ்ட்டையும் அப்பி விடுவார்கள். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் நிற்காது. கொஞ்ச நாளில் ஊறி உரிந்து, சில நேரம் டேங்குக்குள்ளேயே விழும். புது வாஷர், சுத்தமான பள்ளம், அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரும்படி பம்பை வைப்பது, வளையத்தை அதற்குரிய கருவியால் முழு அளவுக்குத் திருகுவது: வேலை இவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் வளையத்தைத் தட்டித் திருகுவதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் வளையம் என்றால் உடையும். இரும்பு வளையம் என்றால் பொறி பறக்கும். திறந்த டேங்கின் வாயில் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதை நீங்களே செய்ய வேண்டாம். மூடியைத் திறந்து பார்ப்பது வரை உங்கள் வேலை. பைப்பைக் கழற்றுவதற்கு முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, குழாயில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். சாதாரண இன்ஜெக்ஷன் காரிலேயே குழாயில் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். கண்ணில் பீய்ச்சி அடித்தால் ஆஸ்பத்திரிதான்.


பொன்னேரிப் பயணி:

பழைய ஸ்பேனர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் முக்கால் பங்கு என்று அவர் சொன்னது சற்றுக் கூடுதல் என்பது என் எண்ணம். இதே அறிகுறிகளை, அதாவது நிரப்பினால் நெடி, பாதியில் இல்லை என்பதை, பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயும் தரும். மூடியிலிருந்து டேங்க் வரை செல்லும் அந்தக் குழாயும், அதன் பக்கத்திலேயே ஓடும் மெல்லிய காற்றுக் குழாயும், பின்சக்கரத்தின் மேல்வளைவுக்குள் இருக்கின்றன. சக்கரம் வாரியிறைக்கும் சேறு அதன்மேல் அப்பி, மழைக்காலம் முழுவதும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரும்புக் குழாயாக இருந்தால் அங்கேயே அரிக்கும், ரப்பர் இணைப்பாக இருந்தால் கிளாம்ப் துருப்பிடித்துத் தளரும். எங்களைப் போலக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூலம் அங்கே என்றால், பங்கில் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பின்சக்கரத்துக்கு அருகில் நெடி தூக்கலாக இருக்கும். காருக்குள் அடிப்பதைவிட வெளியே நிற்பவருக்கு அதிகம் தெரியும். வைகைக்கரை இதைக் கவனித்துச் சொன்னால் நல்லது.

இது அரிதான பழுது அல்ல. 2014 ஏப்ரலில் மாருதி சுசூகி நிறுவனம் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் 1,03,311 கார்களை, இந்தக் கழுத்துக் குழாயை மாற்றித் தருவதற்காகவே திரும்ப அழைத்தது. பங்க் நாசில் தானாக நின்ற பிறகும், அதாவது ஆட்டோ கட்-ஆஃப் ஆன பிறகும் நிரப்பினால் நெடி வரக்கூடும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2019-இல் அதே நிறுவனம், ஃபியூயல் ஹோஸ் இரும்புக் கிளாம்ப்பில் உரசக்கூடும் என்று 40,618 வேகன் ஆர் கார்களை அழைத்துச் சரிபார்த்தது. ஆகவே யாருடைய காராக இருந்தாலும், காசு செலவழிப்பதற்கு முன்னால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸி எண்ணைப் போட்டு, அதற்கு அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இருந்தால் வேலை இலவசம்.

நாசில் 'டக்' என்று நின்ற பிறகும், தொகையை ரவுண்டாக்குவதற்காகப் பங்கில் இரண்டு மூன்று முறை அழுத்துவார்கள் அல்லவா, அதை வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். அந்தக் கூடுதல் அரை லிட்டருக்கு டேங்கில் இடம் இல்லை. ஆவிக்கென்று விட்டுவைத்த வெற்றிடத்தில்தான் அது போய் உட்காருகிறது.

எலியையும் மறந்துவிட வேண்டாம். அடுக்குமாடி பேஸ்மென்ட் என்கிறீர்கள். பானெட்டுக்குள் இருக்கும் ஹோஸை எலி கடித்து வைத்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் டேங்கின் மேலே, கதகதப்பான அந்த இடுக்கில் அது குடியிருப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சீட்டைத் தூக்கும்போது பஞ்சு, துணித் துணுக்கு, புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.


கார்பன் டப்பா:

ஸ்கேனர் விஷயத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். கோடு வரவில்லை, ஆகவே கசிவு இல்லை என்ற வாதம் அமெரிக்கக் கார்களுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே டேங்கின் ஆவி வழியில் அரை மில்லிமீட்டர் துளை இருந்தால்கூடக் காரின் கணினி கண்டுபிடித்து விளக்கை எரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பி0442, பி0456 போன்ற கோடுகள் அதற்காகவே உள்ளவை. நம் ஊரில் 2020 வரை இருந்த பிஎஸ்-4 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் ஐரோப்பிய முறையைத் தழுவியவை. அவை டேங்கின் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வின் மின் இணைப்பு அறுந்திருக்கிறதா என்று கண்காணிக்கச் சொன்னவையே தவிர, ஆவி கசிகிறதா என்று சோதிக்கச் சொல்லவில்லை. ஆகவே 2016 மாடல் காரில், டேங்கின் வாஷரையே கழற்றி வீசிவிட்டு ஓட்டினாலும் ஸ்கேனரில் ஒன்றும் வராது. மருத்துவரிடம் போனால் காய்ச்சல் இல்லை, ஆகவே எலும்பு முறியவில்லை என்று சொல்வதைப் போன்றது அது.

கேனிஸ்டரை மாற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையையும் சோதனை இல்லாமல் ஏற்காதீர்கள். டேங்கில் எழும் ஆவியை, கரித்துகள் நிறைந்த ஒரு டப்பாவுக்குள் இழுத்துத் தேக்கிவைத்து, என்ஜின் சூடாகி ஓடும்போது பர்ஜ் வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரிப்பதுதான் இந்த அமைப்பின் வேலை. கரி தன்னளவில் எளிதில் கெடாது. ஆவிக்குப் பதிலாகத் திரவப் பெட்ரோலே உள்ளே போய்விட்டால்தான் கெடும். அதற்குக் காரணம் பொன்னேரிப் பயணி சொன்ன அந்த ரவுண்ட் ஆக்கும் பழக்கம். டப்பாவைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் அலம்பினாலோ, எடை வழக்கத்துக்கு மாறாகக் கனத்தாலோ, துளை வழியே கரித்துகள் கொட்டினாலோ மாற்றலாம். இல்லையென்றால் அது குற்றவாளி அல்ல.

பர்ஜ் வால்வைச் சோதிப்பது அதைவிட எளிது. என்ஜின் அணைந்திருக்கும்போது அது மூடியிருக்க வேண்டும். இரு பக்க ஹோஸையும் கழற்றி, ஒரு சுத்தமான குழாயைப் பொருத்தி ஊதினால் காற்று மறுபக்கம் போகக் கூடாது. போனால் அது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கார் இன்னொரு அடையாளமும் காட்டும்: பெட்ரோல் போட்டுவிட்டு உடனே கிளப்பினால் சட்டென்று ஸ்டார்ட் ஆகாமல் திணறும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றே படுகிறது.

சீட்டுக்கு அடியில் ஒன்றும் தென்படாவிட்டால், ஸ்மோக் டெஸ்ட் வசதி உள்ள இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். டேங்கின் ஆவி வழியில் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால், மூடாத வாய் எதுவோ அங்கே புகை எழும். அதற்குச் சாதாரண கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்த விடாதீர்கள், நைட்ரஜன்தான் பாதுகாப்பானது. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு.


வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பங்கில் நிரப்பும்போது பின்சக்கரத்தின் அருகே நின்று கவனித்தேன். வழக்கமான பங்க் வாடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஸ்டார்ட் ஆவதிலும் திணறல் இல்லை. ஆகவே சீட்டைத் தூக்கினேன். எலிக்குடும்பம் எதுவும் இல்லை. தகட்டு மூடியை எடுத்தவுடனே நெடி முகத்தில் அடித்தது. பழைய ஸ்பேனர் ஐயா சொன்னபடி துடைக்காமல் பார்த்தேன். பூட்டு வளையத்தின் மூன்று பக்கமும் செம்மண் நிறத் தூசி உலர்ந்து கிடந்தது. வலதுபக்கம், கடிகாரத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குத் தூசி ஈரமாகி, அரைத்த மையைப் போலப் பளபளப்பாக இருந்தது. வளையத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பிதுங்கியிருந்தது. நகத்தால் தொட்டால் ஜெல்லியைப் போல உரிந்து வந்தது.

படம் எடுத்துக்கொண்டு, நண்பர் ஒருவர் சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பார்த்ததும் சிலிக்கான் என்றார். டேங்கைக் காலியாக்கி, வெட்டவெளியில் வைத்துப் பம்பைத் தூக்கினார். வாஷர் அந்த நான்கு மணி இடத்தில் உள்பக்கமாக மடிந்து, மடிப்பில் வெட்டும் விழுந்திருந்தது. பழைய பம்போடு வந்த அதே வாஷர் என்பது அதன்மேல் இருந்த எண்ணைப் பார்த்தே தெரிந்தது. டேங்கின் பள்ளத்தில் ஒட்டியிருந்த சிலிக்கானை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, புது வாஷர் போட்டுப் பூட்டினார். உள்ளே ஏதும் விழுந்திருக்கிறதா என்று பம்பின் வடிகட்டியையும் பார்த்துச் சுத்தம் செய்தார். இரண்டாவது முறையாக ஆட்டோ கட்-ஆஃப் வரை நிரப்பிவிட்டேன். வளைவுகளில் வந்த அந்த வீச்சு இல்லை.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. காருக்குள் இன்னும் மெல்லியதாக ஒரு வாடை இருக்கிறது. கசிவு மிச்சம் இருக்கிறதா, பழைய வாடையா என்று தெரியவில்லை. மற்றொன்று, வாஷர் கெட்டதற்கு இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று எங்கள் குடியிருப்பில் பலரும் அடித்துச் சொல்கிறார்கள். அது உண்மையா?


வேதிப்பாடம்:

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும். உங்கள் வாஷர் மடிந்து வெட்டுப்பட்டதற்கு எத்தனால் காரணம் அல்ல; அது பொருத்திய கையின் வேலை. ஆனால் உங்கள் குடியிருப்புக்காரர்கள் சொல்வதில் வேறொரு வகையில் உண்மை இருக்கிறது. நைட்ரைல் வகை ரப்பர்கள் சில, தனிப் பெட்ரோலில் ஊறுவதைவிடவும் தனி எத்தனாலில் ஊறுவதைவிடவும், இரண்டும் கலந்த கலவையில் அதிகமாக உப்பும். ஃப்ளோரோகார்பன் ரப்பர் இதை நன்றாகத் தாங்கும். நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் அதற்கு ஏற்றவை. 2016 மாடல் அதற்கு முந்தையது. ஆகவே பழைய காரில் ஹோஸ், ஓ-ரிங், வாஷர் எதை மாற்றினாலும், எத்தனால் கலவைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய காரில் இருக்கும் நல்ல ரப்பரையெல்லாம் பயத்தினால் மொத்தமாக மாற்ற வேண்டிய தேவை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸின்போது அவற்றை விரலால் மடக்கி, வெடிப்பு விடுகிறதா, பிசுபிசுக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும்.


பழைய ஸ்பேனர்:

இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி, தம்பி. மரக்குச்சியால் சுரண்டிய மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள், வேலை தெரிந்தவர்.

மிச்சம் இருக்கும் வாடை பழையதா, புதியதா என்று அறிய ஒரு வழி: பின்சீட்டை மறுபடி தூக்கி, கார்பெட்டையும் அதன் கீழே உள்ள பஞ்சுப் படுகையையும் முழுவதுமாக வெளியே எடுத்து வெயிலில் விரித்துவிட்டு, தகட்டு மூடியை அதன் இடத்தில் வைத்து, கதவுகளைச் சாத்தி ஓர் இரவு விட்டுவையுங்கள். கண்டிப்பாகத் திறந்த வெளியில்தான், பேஸ்மென்ட்டில் அல்ல. காலையில் கதவைத் திறந்ததும் வாடை இல்லை என்றால், அது கார்பெட்டில் ஊறியிருந்தது. கசிந்த ஆவி அந்தப் பஞ்சில்தான் தங்கும். நம் வெயிலில் சில நாள் காய்ந்தால் பெரும்பகுதி போய்விடும். பிறகும் இருந்தால் ஆப்பச் சோடாவைத் தூவி இரவு முழுவதும் வைத்து, மறுநாள் கையால் உதறிவிடுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரைக் கொண்டு உறிஞ்ச வேண்டாம். அதன் மோட்டாரில் பொறி பறக்கும், ஆவியும் அதன் வழியாகவே போகும். வாசனைத் திரவியம் எதையும் இப்போது தொங்கவிடாதீர்கள். இன்னும் சில நாளைக்கு உங்கள் மூக்குதான் சோதனைக் கருவி.

காலையில் வாடை அப்படியே இருந்தால் மூடியைத் திறந்து, இந்த முறை வளையத்தை அல்ல, பைப் சொருகும் இடங்களைப் பாருங்கள். பம்பைத் தூக்கும்போது கிளிப்பை இழுத்துக் கழற்றியிருப்பார். பத்து வருடப் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் சிறிய ஓ-ரிங் நழுவியிருக்கலாம். மூக்கைச் சுற்றி லேசாக டால்கம் பவுடரைத் தூவி, சாவியை ஆன் நிலையில் இரண்டு மூன்று முறை வைத்து எடுத்தால், ஒவ்வொரு முறையும் பம்ப் சிறிது நேரம் ஓடி அழுத்தம் ஏற்றும். பவுடர் நனைந்து நிறம் மாறினால் இடம் அதுதான். உடனே சாவியை எடுத்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவைத்து, அந்த மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். அந்தப் பைப்பை வெட்டி, நடுவே ரப்பர் ஹோஸைச் சொருகிக் கிளாம்ப் போடுவதற்கு மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வழவழப்பான நைலான் பைப்பில் ரப்பர் ஹோஸ் பிடித்து நிற்காது, அழுத்தத்தில் ஒருநாள் கழன்றுவிடும். கிளிப்போடு கூடிய முழுப் பைப்பாகவே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு வாங்குங்கள்.